உறையை விட்டு வராத வாள்

“மழை வரப்போகுது, குதிரையை உள்ள கட்டுங்க” என்று இந்துராணி மைக்கில் சொன்னாள். சொன்னது அவளில்லை, திரையில் வாசலில் நிற்கிற கிழட்டுச் சாமுராய் மோரிதா. ஆனால் தேனி வைகை திரைக்கூடலில் எந்த நாட்டுக்காரன் வாயைத் திறந்தாலும் இந்துராணியின் குரல்தான் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் வியாபாரிகள் சங்கத்து மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் படம் காட்டுவார்கள். அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்தை எட்டிப் பிடித்துப் படிக்க முடியாதவர்கள்தான் வருகிறவர்களில் பாதிக்கு மேல், அதனால் செயலாளர் அன்வர் கண்டுபிடித்த வழி இது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் இந்துராணி புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தைப் பார்த்த கையோடு தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். ராஜா, பிச்சைக்காரன், பிரசவிக்கிறவள், பிறக்கிற பிள்ளை எல்லாருக்கும் ஒரே தொண்டை. முதலில் கொஞ்ச நேரம் சிரிப்பு வரும், அப்புறம் அவள் அங்கே இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோகும். அவளுக்கும் மறந்துபோகும், அதற்காகத்தான் வருகிறாள். வாய் யாரோ ஒருவருடைய கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனசு தன்பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். இன்றைக்கு அது கிடக்க மாட்டேன் என்கிறது. இரண்டாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகள் படம் சொல்கிறாள் என்று எந்த மாதமும் தவறாமல் வருகிற பெருமாயி. திரைக்கு இடது பக்கம் தம்பி சுருளிவேல் நிற்கிறான், ஆளுயர ஃபிளெக்ஸில், அவன் கையில் ஒருநாளும் இருந்திராத துப்பாக்கியோடு, அவன் உதட்டின் மேல் ஒருநாளும் முளைத்திராத மீசையோடு. ‘வீரவணக்கம்’ என்று போட்டிருக்கிறது. திரை வெளிச்சம் கூடும்போதெல்லாம் அவன் முகம் தெரிகிறது, குறையும்போது மீசை மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்காமல் எழுத்தைப் பார், எழுத்தைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் இரண்டு வரி ஓடிப்போய்விட்டது.

நாளைக் காலையில் அவனுக்குச் சிலை திறக்கிறார்கள். சிலைக் கமிட்டித் தலைவர் தவசிலிங்கம்தான் அன்வரிடம் போய், “இந்தத் தடவ நம்ம சுருளி நெனவா ஒரு வீரப் படம் போடுங்க தம்பி, வாள் சண்டைப் படமா இருந்தா நல்லாருக்கும்” என்று கேட்டிருக்கிறார். அன்வரும் சாமுராய் படம் என்று சொல்லிவிட்டார். சாமுராய் என்ற வார்த்தை கேட்டதும் தவசிலிங்கத்துக்கு உடம்பெல்லாம் முறுக்கேறி, கமிட்டி ஆட்கள், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் என்று ஹாலை நிரப்பிவிட்டார். படம் ஓடத் தொடங்கி இவ்வளவு நேரமாகியும் ஒருவரும் ஒருவரையும் வெட்டவில்லை. மழை பெய்கிறது, சேற்றில் நடக்கிறார்கள், கஞ்சி குடிக்கிறார்கள். பின்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. போன வாரமே இந்துராணி வீட்டில் தனியாக இதைப் பார்த்திருந்தாள். மறுநாள் அன்வரின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், “வேற படம் ஏதாவது போடலாமே சார்” என்றாள். “ஏன் டீச்சர், அருமையான படம்ல? வாளத் தூக்குனவன் எல்லாம் வீரன்ங்கிற நெனப்பையே டைரக்டர் கழட்டிப் போடுறான்” என்றார் அன்வர். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் நல்லது செய்கிறவர்களிடம் என்ன சொல்லி மறுப்பது. “கடைசிக்கு முன்னால வர்ற அந்தக் காட்சிய மட்டும் ஓட்டிவிட்ரலாமா, கொஞ்சம் இழுவையா இருக்கு” என்று மட்டும் கேட்டாள். அன்வர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “அதுதானே டீச்சர் படமே” என்றார்.

“கஞ்சி ஆறிப்போச்சு, யாருக்கு ஊத்தணும்” என்றாள் மைக்கில். இப்போது பேசுவது ஷின்பெய், படத்தில் வருகிற பையன். சாமுராய் வீட்டுப் பிள்ளை, இடுப்பில் வாள் இருக்கிறது, ஆனால் படையில் அவனுக்குக் கொடுத்த வேலை கஞ்சிப் பானை சுமப்பது. கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். கேலியையும் இவள்தான் சொல்லவேண்டியிருக்கிறது, “ஏய் பானை, இங்க வா.” சுருளியையும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்களா. அவன் படையில் சமையல்காரன். அம்மாவின் இட்லிக் கடையில் மாவு கரைத்துப் பழகிய கை அது, பஞ்சாப்காரனும் பீகார்காரனும் தன் இட்லிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று போனில் சொல்லிச் சிரிப்பான். அங்கே பனிமலையில் மாவு புளிக்காதாம், குளிருக்கு மாவுச் சட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவானாம். போர்வை அவனுக்கு எங்கே நிற்கும், சின்ன வயசிலேயே காலால் உதைத்து உதைத்துக் கீழே தள்ளிவிட்டுக் குளிரில் சுருண்டு கிடப்பான், அம்மா ராத்திரி எழுந்து எழுந்து போர்த்திவிடுவாள். இவன் எப்படி அந்தப் பனிக்குள் இருக்கப் போகிறான் என்று அம்மா அழுதபோது இந்துராணி சிரித்தாள். படையில் அதற்கெல்லாம் அடுப்பு வைத்திருப்பார்கள் அம்மா, என்று தைரியம் சொன்னாள். அடுப்பு வைத்திருப்பார்கள் என்று சொன்னது இவள் வாய்தான். திரையில் ஷின்பெய் குளத்துத் தண்ணீரைக் குடிக்கிறான். அந்தத் தண்ணீரில்தான் அவனுக்கு வயிற்றுப்போக்கு வரப்போகிறது, குடிசைக்குள் வைக்கோலில் கிடந்து, ஒரு எதிரியைக் கூடப் பார்க்காமல் சாகப்போகிறான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “இந்தா, பேதியில போறான் பாரு வீரன்” என்று ஒரு குரல். தவசிலிங்கம் திரும்பி அதட்டினார்.

சுருளியின் சவப்பெட்டி வந்த அன்றைக்கு யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி வழியாக முகத்தை மட்டும் காட்டினார்கள். அந்த முகம் சிவந்திருந்தது. செத்தவன் முகம் வெளிறியிருக்கும், கறுத்திருக்கும், இது அப்போதுதான் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவன் முகம் மாதிரி கன்னமெல்லாம் சிவந்து கிடந்தது. கூட்டத்தில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள், “பாருங்கடி, செத்தும் ரோசம் அடங்கல பிள்ளைக்கு.” அது போதும், தவசிலிங்கம் மைக்கைப் பிடித்துவிட்டார். பணியின்போது மரணம் என்று மட்டும்தான் மேலிடத்துக் காகிதத்தில் இருந்தது, அவர் அதை இழுத்து இழுத்து ஒரு போராக்கினார். கரண்டியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான் என்றார். புறமுதுகு காட்டாமல் மார்பில் குண்டு வாங்கினான் என்றார். மண்ணில் கிடந்த அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்ததை இந்துராணி பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை நின்றிருந்தது. அதே நேரத்தில்தான் பெட்டியோடு வந்த கோவில்பட்டிப் பையன், தம்பியோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டுச் சொன்னான். “அக்கா, நீங்களாச்சும் தெரிஞ்சுக்கோங்க. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அன்னைக்கு நான் காவல் வேலைக்குப் போயிருந்தேன். குளிரு தாங்கலன்னு கரியடுப்ப உள்ள வெச்சு எல்லாத்தையும் சாத்திட்டுப் படுத்திருக்கான். அந்த விஷப்புகைக்கு வாடையே கெடையாது. விடிஞ்சு நான் வந்து பாக்கையில தூக்கத்துலயே போயிருந்தான். மொகம் செவந்திருக்கிறது அதனாலதான்.” அவன் அழவில்லை, கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். அவள் ஒன்றுதான் கேட்டாள். அவன் காலில் போர்வை இருந்ததா? இருந்ததுக்கா, நல்லா இழுத்துப் போத்தியிருந்தான், என்றான்.

“ஓடிட்டாங்க, எல்லாரும் ஓடிட்டாங்க, நம்ம வீட்டுப் பேரு போச்சு” என்றாள் மைக்கில், பிரபுவின் அரண்மனையில் கூடியிருக்கும் பெரியவர்களில் ஒருவர் குரலில். அவர்களுக்குப் பின்னால் சிவப்புக் கவசம் ஒன்று ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. படை ஓடிவிட்டது என்று வெளியே தெரிந்தால் தலைகுனிவு, அதனால் ஒரு வீரன் வேண்டும், செத்த வீரனாக இருந்தால் இன்னும் வசதி. “பானை தூக்கினானே, அந்தப் பையன்?” என்கிறார் ஒருவர். “ஏழு பேரை வெட்டிச் சாய்ச்சான்னு எழுதுங்க” என்கிறார் இன்னொருவர். இதையெல்லாம் இழுக்காமல் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், தண்ணீரைக் குடிக்கவே பயமாக இருந்தது. கவசம் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் நாளைய சிலையும். சிற்பி ஏற்கெனவே வேறு ஏதோ ஊர்ச் சிப்பாய்க்காக வார்த்து வைத்திருந்த உடம்பு அது, அந்த ஊர்க்காரர்கள் வாங்காமல் விட்டுவிட்டார்கள், அதில் சுருளியின் தலையை மட்டும் செய்து வைத்தார்கள். அகன்ற தோள், விரிந்த மார்பு, தூக்கிப் பிடித்த துப்பாக்கி. மாதிரியைக் காட்டியபோது அம்மா கேட்டாள், “எம் பிள்ளைக்கு மீசை இல்லியே.” தவசிலிங்கம் சிரித்துக்கொண்டே, “மீசை இல்லாம வீரனா மதினி, ஊரு ஒத்துக்கிருமா” என்றார். அம்மாவும் சிரித்தாள், சின்னதாக, வெட்கப்பட்டது போல. அந்தச் சிரிப்பு இந்துராணிக்குத் தாங்கவில்லை. புருஷன் செத்த பிறகு கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவள் அம்மா. இப்போது பள்ளிக்கூட விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள், வீரத்தாய் என்கிறார்கள், பிள்ளைகள் சல்யூட் அடிக்கிறார்கள். நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டவளை எப்படிக் கீழே தள்ளுவது. காரியம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கலெக்டர் வந்து போகட்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது மாலையோடு உள்ளே வந்துவிட்டார்கள். தடுத்தது மாலை இல்லை, உன் நாக்குத்தான். ‘வீரன் அக்கா’ என்று கூப்பிட்டபோது அவளும் திரும்பிப் பார்த்தாளா இல்லையா? திரும்பித்தானே பார்த்தாள்.

ஆனால் பகலில் நிமிர்ந்து நடக்கிறவள் ராத்திரி என்ன ஆகிறாள் என்று அந்த மாலை போடுகிறவர்களுக்குத் தெரியாது. விளக்கை அணைத்ததும் அம்மாவின் கை தன் மார்பின் மேல் போய்ப் படுக்கும், இடது பக்கம், அதற்குக் கொஞ்சம் கீழே, மறுபடி மேலே. குண்டு பாய்ந்தது எந்த இடம் என்று தேடிக்கொண்டே இருக்கும். அப்புறம் இருட்டில் அந்தக் கேள்வி வரும், “வலிச்சிருக்குமா இந்து?” இருக்காதும்மா. “உசுரு ஒடனே போயிருக்குமா, கெடந்து துடிச்சிருப்பானா?” உடனே போயிருக்கும்மா. “அம்மான்னு கூப்பிட்டிருப்பானா?” தூங்கும்மா. அம்மா சமையலில் கடுகு தாளிப்பதை விட்டுவிட்டாள், எண்ணெயில் வெடிக்கிற சத்தம் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவாள். தீபாவளிக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் உட்கார்ந்திருப்பாள். கடுகு வெடிக்காத அந்தக் குழம்பைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு இந்துராணி பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவன் துடிக்கவில்லை, தூங்கினான், போர்த்திக்கொண்டு தூங்கினான் என்கிற இந்த ஒரு விஷயம் அம்மாவின் கையை மார்பிலிருந்து எடுத்துவிடும். ஆனால் அதைச் சொன்னால் வீரன் போய்விடுவான், அடுப்பு வந்துவிடும், அடுப்பு வேலை கற்றுக்கொடுத்தது நான்தானே என்று அம்மா அதைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் யோசனை ஒவ்வொரு ராத்திரியும் செக்குமாடு போலத் திரும்பிவிடும். இன்றைக்கும் திரும்பியது. திரையில் மோரிதா ஷின்பெய்யின் வாளைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு மலையேறிப் போய்க்கொண்டிருந்தார், வசனம் இல்லை, காற்று மட்டும்தான். அந்தக் காட்சி வருகிறது. எழுத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போ. நீ டீச்சர், இது படம், அவ்வளவுதான்.

வீடு வந்துவிட்டது. ஷின்பெய்யின் தாய் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மோரிதா வாளை அவள் முன்னால் வைத்து, அரண்மனைப் பெரியவர்கள் மனப்பாடம் செய்துகொடுத்ததை ஒப்பிக்கிறார். “உங்க மகன் ஏழு பேரை வெட்டிச் சாய்ச்சான். கொடி கீழ விழாம பிடிச்சுக்கிட்டே நின்னான்.” அந்தத் தாய் அழவில்லை. “அந்த வாளை உருவிக் காட்டுங்க, ஏழு பேரை வெட்டுன வாளை நான் பாக்கணும்” என்கிறாள். இந்துராணி சொல்லச் சொல்ல ஹாலில் நாற்காலிச் சத்தம் நின்றது. மோரிதா வாளை எடுக்கிறார், பிடியைப் பிடித்து இழுக்கிறார். வரவில்லை. மறுபடி இழுக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. உறைக்குள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அது ஒரு நாளும் வெளியே வந்ததே இல்லை. கிழவர் கையைக் கீழே போடுகிறார். எவ்வளவு நேரம் காட்டுகிறான் டைரக்டர் அந்த முகங்களை, அந்தத் தாய்க்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். எழுத்து வந்துவிட்டது. இந்துராணி அதைச் சொன்னாள், “வலிச்சிருக்குமா?” சொன்னதும் இரண்டாவது வரிசையில் அம்மாவின் கை எழுந்து மார்பில் போய்ப் பதிவதைப் பார்த்தாள், இடது பக்கம், அதற்குக் கொஞ்சம் கீழே. திரையில் மோரிதாவின் உதடு அசைந்தது. வீரனுக்கு ஏது வலி என்று எழுத்து ஓடியது, ஓடி மறைந்தது. ஹால் காத்திருந்தது. அன்வர் திரும்பிப் பார்த்தார், வயர் பிடுங்கிக்கொண்டதோ என்று.

“இல்லம்மா” என்று மைக் சொன்னது. “வலிக்கல. குளிரு தாங்கலன்னு கரியடுப்ப மூட்டி உள்ள வெச்சுக்கிட்டு, எல்லாத்தையும் சாத்திட்டுப் படுத்தான். அந்தப் புகைக்கு வாடை கெடையாதாம். தூங்குனவன் தூங்குனபடியே போயிட்டான். மொகம் செவந்திருந்துச்சுல்ல, அது அதனாலதான். சண்ட நடக்கலம்மா. அவன் மேல குண்டே படல.” திரையில் அந்தத் தாய் நெற்றி தரையில் படும்வரை குனிந்தாள், பிறகு நிமிரவே இல்லை. “வாள் படத்துல குண்டு எங்கிட்டிருந்துடா வந்துச்சு” என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அன்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபிளெக்ஸைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். அம்மா அசையவில்லை. பக்கவாட்டில் ஒரு கன்னமும் கொண்டையும்தான் தெரிந்தன. அதற்கப்புறம் படத்தில் பேச்சு அதிகம் இல்லை, இருந்ததையும் இந்துராணி என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. விளக்கைப் போட்டார்கள்.

படிக்கட்டில் தவசிலிங்கம் பிடித்துக்கொண்டார். “டீச்சரம்மா, ஜப்பான்காரனுக்கு வீரம்னா என்னன்னே தெரியல போல. இம்புட்டுப் பெரிய வாளத் துருப்பிடிக்க விட்டுட்டான். நம்ம சுருளி கதைய அவன்கிட்டச் சொல்லிருந்தா எப்படி எடுத்திருப்பான்.” அவர் கண் கலங்கியிருந்தது, அதுவும் உண்மையான கலக்கம்தான், அதுதான் கொடுமை. “மதினி, வெள்ளன வண்டி அனுப்புறேன். பட்டுச்சேல கட்டிக்கிட்டு ரெடியா இருங்க.” அம்மா தலையாட்டினாள். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இருவரும் நடந்தார்கள்.  அம்மாவுக்குப் புரிந்ததா, படம் என்றே நினைத்துவிட்டாளா, புரியாமல் இருந்தால் நல்லதா, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாமோ, ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டே இந்துராணி கூடவே நடந்தாள். தெருமுனையில் சிலை நின்றது. வெள்ளைத் துணியால் மூடிக் கயிறு சுற்றியிருந்தார்கள், துப்பாக்கி முனை மட்டும் துணியைத் தூக்கிக்கொண்டு கூடாரம் மாதிரி நின்றது. கீழே துணி எட்டாமல் இரண்டு பூட்ஸ் கால்களும் வெளியே தெரிந்தன. அம்மா அங்கே நின்றுவிட்டாள்.

“காலப் போத்தியிருந்தானா?” என்றாள்.

“போத்தியிருந்தானாம்மா. நல்லா இழுத்துப் போத்தியிருந்தானாம்.”

“யாரு சொன்னா?”

“பெட்டிகூட வந்தானே, அந்தக் கோவில்பட்டிப் பையன்.”

“எப்ப?”

“அன்னைக்குத்தான்.”

அம்மாவின் கை மார்புக்குப் போகவில்லை, இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. “அன்னைக்கே ஒனக்குத் தெரியும்” என்றாள். “தெனம் ராத்திரி ஒன் பக்கத்துல படுத்துக்கிட்டுத்தானடி கேட்டேன். வலிச்சிருக்குமா வலிச்சிருக்குமான்னு.”

பிறகு குனிந்து, கயிற்றுக்கு மேலே சுருண்டு கிடந்த துணியைப் பிடித்து இழுத்தாள். அது இறுக்கிக் கட்டியிருந்தது, லேசில் வரவில்லை. விடாமல் இழுத்து இழுத்து அந்த இரண்டு கால்களையும் மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மகளைப் பார்க்காமலே நடக்கத் தொடங்கினாள்.

“காலையில வண்டி வந்தா நான் வரலன்னு நீயே சொல்லீரு. எல்லாருக்கும் நீதான பேசுற.”